நாளொன்றுக்கு 15,000 யூரோ

2022 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் நின்றுகொண்டு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். போனைத் திருப்பி, பின்னால் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைக் காட்டினேன். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் காத்தாடி ஒன்றும் அதிசயமில்லை. ஆனாலும் அயர்லாந்தில் ஒரு முப்பந்தலைக் காட்டுகிறேன் என்று ஒரு பெருமை.

"அங்கயும் காத்தாடி உண்டா மக்ளே?"

"உண்டும்மா. எழுபது நிக்குது."

"பின்ன ஏன் ஒண்ணும் சுத்தல்ல? காத்து கெடையாதா?"

காற்று என் குல்லாவை இரண்டு முறை பறித்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது முறை அதைக் கோட்டுப் பைக்குள் திணித்திருந்தேன்.

"காத்து நல்லா அடிக்கும்மா. கடுதாசி சரியில்ல. அதான் நிறுத்திட்டாவ."

"என்ன கடுதாசி?"

சிக்னல் போய்விட்டது. அம்மாவுக்கு அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் பெயர் டெர்ரிபிரையன். கால்வே மாவட்டத்தின் தெற்கில், ஸ்லீவ் ஆக்ட்டி மலைத்தொடரின்மேல் இருக்கிறது. மலை என்றதும் மருந்துவாழ்மலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். பாறை துருத்தாத, உச்சி என்று எதையும் சுட்ட முடியாத, யானை படுத்துக் கிடப்பதைப் போன்ற நீண்ட மேடு. அதன்மேல் பீட். செத்த பாசியும் புல்லும் முழுக்க மக்காமல், நீரில் ஊறி ஊறி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் படிந்த கறுப்புச் சேறு. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம். வெட்டிக் காயவைத்தால் அடுப்பெரிக்கும் கட்டி, அதைத்தான் இங்கே டர்ஃப் என்பார்கள். காயாத நிலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். காலை வைத்தால் ஈர மெத்தைபோல உள்வாங்கும். டெர்ரிபிரையனில் சில இடங்களில் அது ஐந்தரை மீட்டர் ஆழம் என்று பின்னாளில் நீதிமன்ற ஆவணங்கள் சொல்லும். ஐந்தரை மீட்டர் என்றால் எங்கள் ஊர் ஓட்டு வீட்டின் உச்சியையே முக்கிவிடலாம்.

இதன்மேல்தான் அயர்லாந்தின் அன்றைய மிகப் பெரிய காற்றாலைப் பண்ணையை நட்டார்கள்.

நட்ட விதமும் கவனிக்கத்தக்கது. ஒரே திட்டமாக அனுமதி கேட்கவில்லை. 1997 டிசம்பரில் இரண்டு துண்டுகளாக விண்ணப்பம் போனது, 1998இல் அனுமதி வந்தது. 2000இல் மூன்றாவது துண்டுக்கு விண்ணப்பம், 2001இல் அனுமதி. நடத்தியது இ.எஸ்.பி.யின் துணை நிறுவனம். 1927 முதல் நாட்டுக்கு மின்சாரம் தரும் நிறுவனம் இ.எஸ்.பி.; அதன் பெரும்பங்கு அயர்லாந்து அரசுக்கே சொந்தம். இந்த ஒரு விவரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 2003 கோடையில் வேலை தொடங்கியது. மலைமேல் நட்டு வளர்த்த ஊசியிலைக் காட்டில் 263 ஹெக்டேரை வெட்டிச் சாய்த்தார்கள். பாதை போட்டார்கள். ஒவ்வொரு காற்றாடிக்கும் அடித்தளம் தோண்டினார்கள்.

2003 அக்டோபர் 16 அன்று மலை நகர்ந்தது.

'சரிந்தது' என்று எழுதக் கை வரவில்லை. பாறை சரிந்தால் ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும். பீட் அப்படியில்லை, அது நடக்கும். மேலே நிற்கும் மரங்களையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, கூழ் வழிவதுபோல மெல்ல இறங்கும். சுமார் 4,50,000 கன மீட்டர் சேறு அன்று இடம்பெயர்ந்தது. மாதக் கடைசியில் மழை பெய்ததும் மறுபடி கிளம்பி, ஓடையைப் பிடித்து, ஓவன்டலூலி ஆற்றில் போய் விழுந்தது. சுமார் 50,000 மீன்கள் செத்தன. மீன்கள் முட்டையிடும் சரளைப் படுகைகள் சேற்றால் மூடிப்போய், பல காலத்துக்குப் பயனற்றுக் கிடந்தன.

அந்த ஆறு போகும் வழி விசித்திரமானது. மலையிலிருந்து இறங்கி லாக் கட்ரா ஏரியில் கலக்கிறது. ஏரியிலிருந்து வெளியே வந்து கொஞ்ச தூரத்தில் பூமிக்குள் மறைகிறது. சுண்ணாம்புக்கல் நாடு, அடியெல்லாம் பொந்து. பிறகு மேலே வந்து கோர்ட் நகரத்தின் வழியே ஓடுகிறது. (கோர்ட் என்பது ஊரின் பெயர். இந்தக் கட்டுரையில் நிஜமான கோர்ட்டும் வருவதால் குழம்ப வேண்டாம், அதை நீதிமன்றம் என்றே எழுதுகிறேன்.) அதன்பிறகும் மறைந்து, கூல் பகுதியில் மழைக்குத் தோன்றி வெயிலுக்கு வற்றும் ஏரிகளில் எட்டிப் பார்த்து, கடைசியில் கின்வாரா கடலோரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. மலைமேல் ஒருவர் மண்வெட்டியை எங்கே வைக்கிறார் என்பது இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் இருப்பவருக்கும் கவலைதான். அது எப்படி, எங்கெங்கே என்பதை முன்கூட்டியே பார்த்துச் சொல்வதற்குத்தான் ஒரு சட்டம் இருந்தது.

1985ஆம் ஆண்டே அன்றைய ஐரோப்பியச் சமூகம் ஒரு நெறியாணை போட்டது: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. பெரிய திட்டம் எதற்கும் அனுமதி தருமுன் அது மண்ணை, நீரை, உயிர்களை, மனிதர்களை என்ன செய்யும் என்று ஆராய வேண்டும். மக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு முடிவெடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. திட்டத்தை நிறுத்து என்று அது சொல்வதே இல்லை. ஆராய்ந்து பார், கெடுதல் உண்டென்று தெரிந்த பிறகும் கட்டத்தான் வேண்டுமென்றால் காரணம் எழுதிவைத்துவிட்டுக் கட்டிக்கொள் என்கிற அளவுக்குச் சாதுவான சட்டம். பார்க்காமல் கட்டாதே என்பது ஒன்றுதான் அதன் பிடிவாதம்.

டெர்ரிபிரையனில் பார்க்கவில்லை. நிறுவனம் சில அறிக்கைகளைக் கொடுத்தது உண்மைதான். ஆனால் பீட் நிற்குமா, நகருமா என்ற கேள்விதான் அவற்றில் இல்லை. பெண் பார்க்கப் போனவர்கள் வீட்டையும் கிணற்றையும் தென்னந்தோப்பையும் பார்த்துவிட்டுப் பெண்ணைப் பார்க்காமல் திரும்பிய கதைதான்.

உள்ளூர்க்காரர்களின் புகார் ஐரோப்பிய ஆணையத்துக்குப் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு அது, இருப்பது பிரஸ்ஸல்ஸில். ஆணையம் எடுத்த எடுப்பில் வழக்குப் போடாது. முதலில் முறையான கடிதம் அனுப்பி விளக்கம் கேட்கும். பிறகு, நீ சட்டத்தை மீறியிருக்கிறாய் என்று காரணம் காட்டி இன்னொரு கடிதம். அதற்கும் மசியாவிட்டால் லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம். அங்கே தோற்றாலும் முதல் தடவை பொதுவாக அபராதம் கிடையாது, 'தவறு செய்தாய், திருத்திக்கொள்' என்ற தீர்ப்பு மட்டும்தான். திருத்தவில்லையென்றால் மறுபடி கடிதம், மறுபடி வழக்கு, அப்போதுதான் பணம். அப்பா அடிக்கிற மாதிரி இல்லை இது. தாத்தா கண்டிக்கிற மாதிரி.

முதல் வழக்கின் தீர்ப்பு 2008 ஜூலை 3 அன்று வந்தது. அயர்லாந்து அரசு வைத்த ஒரு வாதத்தைப் படித்தபோது, எழுதிய வக்கீலின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சிரித்தேன். முதல் இரண்டு துண்டுகளுக்கு அனுமதி கேட்ட காலத்தில் நெறியாணையின் பட்டியலில் 'காற்றாலை' என்ற சொல்லே இல்லையாம், ஆகவே ஆராயத் தேவையில்லையாம். நீதிமன்றம் பதில் சொன்னது: காற்றாலை இல்லைதான், ஆனால் பீட் தோண்டுவதும் பாதை போடுவதும் பட்டியலில் இருக்கின்றனவே, அவை இல்லாமல் அந்தக் காற்றாலை எப்படி நின்றது?

அதே தீர்ப்பில் இன்னும் பெரிய அடி ஒன்று விழுந்தது. அயர்லாந்தில் அனுமதியில்லாமல் கட்டிவிட்டு, பிறகு விண்ணப்பித்து 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று முத்திரை வாங்கிக்கொள்ளும் வழி ஒன்று சாதாரணமாகப் புழங்கிவந்தது. நம் ஊரில் வரன்முறைப்படுத்துதல் என்பார்களே, கிட்டத்தட்ட அது. மாடியில் ஓர் அறையை எழுப்பியவருக்கு அது பரவாயில்லை. தாக்க மதிப்பீடு கட்டாயமான பெரிய திட்டங்களுக்கும் அதே கதவைத் திறந்துவைத்ததைத்தான் நீதிமன்றம் ஏற்கவில்லை. விதிவிலக்கான சூழலில் மட்டும் பார்க்கலாம், பழக்கமாக வைத்துக்கொள்ள முடியாது என்றது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதை ஒரு நாடு நடைமுறை விதியாகவே வைத்திருந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். அயர்லாந்து 2010இல் சட்டத்தைத் திருத்தி, அந்தக் கதவை இழுத்து மூடி, 'மாற்று ஒப்புதல்' என்று குறுகிய சந்து ஒன்றைத் திறந்தது: முன்பே செய்திருக்க வேண்டிய மதிப்பீட்டை இப்போதாவது முழுமையாகச் செய்துகொண்டு வா, பார்க்கலாம்.

இத்தனையும் நடந்தபோது நான் இங்கேதான் இருந்தேன், ஆனால் ஒன்றும் தெரியாது. 2006இல் கால்வேக்கு வேலைக்கு வந்தேன். டெர்ரிபிரையன் காற்றாடிகள் சுற்றத் தொடங்கியதும் அதே ஆண்டுதான் என்பது பின்னால் தெரிந்த பொருத்தம். ஐரோப்பா என்றால் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம் என்று ஊரில் எல்லாரிடமும் பெருமையடித்துவிட்டு வந்தவன். 2007 மார்ச்சில் நகரம் முழுக்க அறிவிப்பு வந்தது, தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள் என்று. லாக் கொரிப் ஏரித் தண்ணீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, குளோரினுக்குச் சாகாது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அந்த அறிவிப்பை எடுக்க ஆகஸ்ட் ஆகிவிட்டது. ஐந்து மாதம்! கூட வேலை செய்த ஐரிஷ்காரர்கள் வாரக்கடைசியில் தண்ணீர்ப் பாட்டில்களை வண்டி வண்டியாக வாங்கிப்போனார்கள். வாடகை வீட்டில் என்னோடு இருந்த மூன்று தமிழ்ப் பையன்கள் மட்டும் எந்தக் கலக்கமும் இல்லாமல் இருந்தோம். அடுக்களையில் எப்போதும் வெந்நீர்ப் பானை உண்டு, சீரகம் போட்டிருப்போம்.

அப்போதுதான் ஒருவர் சொன்னார், குடிநீர் விஷயத்தில் அயர்லாந்து 2002லேயே லக்சம்பர்க்கில் தோற்றுவிட்டதென்று. கிராமத்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் கழிவுக் கிருமிகள் இருந்த வழக்கு அது. எனக்கு நம்பச் சிரமமாக இருந்தது. இவ்வளவு பச்சையான நாடு, இவ்வளவு மழை. பிறகு ஆத்தன்ரை பக்கம் கிராமத்தில் வீடெடுத்துப் போனபோது நம்பினேன்.

அந்த வீட்டுக்குச் சாக்கடை இணைப்பு கிடையாது. தோட்டத்தில் செப்டிக் டேங்க். அது எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரப் பெரியவரிடம் கேட்டேன். தோட்டத்தின் மூலைகளை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அங்கேதான் எங்கேயோ" என்றார். நாற்பது ஆண்டுகளாக அங்கேதான் எங்கேயோ இருக்கிறது. கிணறு எங்கே என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அயர்லாந்தின் கிராமங்களில் அன்று இப்படி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தொட்டிகள் பரிசோதிக்க ஆளில்லாமல் கிடந்தன. 2009 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் இதற்கும் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம், நாடு முழுவதும் சட்டத்தை மீறியிருக்கிறது, கேவன் மாவட்டம் நீங்கலாக என்பது. கேவன்காரர்கள் மட்டும் யாரும் சொல்லாமலே தங்களுக்கென உள்ளூர் விதிகளை எழுதி வைத்திருந்தார்கள். பரீட்சையில் வகுப்பே தவறிப்போக, கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் தேறியதுபோல.

2012இல் அரசு சட்டம் போட்டுத் தொட்டிகளைப் பதிவு செய்யச் சொன்னது. கட்டணம் 50 யூரோ, முதல் சில மாதங்களில் வந்தால் 5 யூரோ. ஊரே கொதித்தது. கூட்டங்கள், கோஷங்கள், பதிவு செய்யமாட்டோம் என்ற சபதங்கள். எங்கள் வீட்டுக்காரரும் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்து, "பிரஸ்ஸல்ஸுக்கு என் கழிவறையில் என்ன வேலை?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விபோலத்தான் இருந்தது. கெடு முடிவதற்கு முந்தைய வாரம் சத்தமில்லாமல் 5 யூரோ கட்டிப் பதிவு செய்துவிட்டார். அரசும் அவரைப் போலத்தான், ஆனால் கெடு தவறிய பிறகு. 2012 டிசம்பரில் நீதிமன்றம் 20 லட்சம் யூரோ ஒருமொத்த அபராதமும், திருத்தும்வரை நாளுக்கு 12,000 யூரோவும் விதித்தது. அதற்குள் வேலை பெரும்பாலும் நடந்திருந்ததால் அந்த மீட்டர் நெடுநாள் ஓடவில்லை.

இந்தத் தொட்டிக் கதையை வேண்டுமென்றே சொன்னேன். லட்சக்கணக்கான தனி வீடுகளின் தோட்டத்தில் புகுந்து, ஓட்டுப் போடும் மக்களின் கோபத்தைத் தாங்கிச் செய்ய வேண்டியிருந்த வேலையை அரசு மூன்று ஆண்டில் செய்தது. டெர்ரிபிரையனில் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு மலை, ஒரே ஒரு நிறுவனம், ஓர் ஆய்வு. நிறுவனமோ அரசுடையது. 2008 தீர்ப்பு முடிந்து பதினோரு ஆண்டுகள் அதைச் செய்யவில்லை.

ஏன்? நான் நீதிமன்ற ஆவணங்களைத் தமிழ்நாட்டுக்காரனுக்கே உரிய ஆர்வத்தோடு, ஊழல் கீழல் இருக்குமோ என்று தேடித்தான் படித்தேன். அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. படித்ததெல்லாம் ஒரு விதமான வழுக்கல். கொடுத்த அனுமதியை எதிர்த்து வழக்குப் போடும் காலக்கெடு உள்நாட்டுச் சட்டப்படி முடிந்துவிட்டது, இனி அதைக் கிளறினால் சட்டத்தின் நிச்சயத்தன்மை கெட்டுவிடும் என்றார்கள். மாற்று ஒப்புதல் என்ற அந்தச் சந்து உருவானதே இந்த வழக்கின் தீர்ப்புக்காக. ஆனால் அது இந்தக் காற்றாலைக்குப் பொருந்தாது என்றார்கள். முறைசாராத ஆய்வு ஒன்று செய்கிறோம் என்று குறிப்புகள் அனுப்பினார்கள். கடைசியில், நிறுவனம் தனி, அரசு தனி, நாங்கள் எப்படி அவர்களைக் கட்டாயப்படுத்த முடியும் என்று கேட்டார்கள்.

நினைவில் வைக்கச் சொன்ன விவரம் இதற்குத்தான். வலது கை இடது கையைக் காட்டி, அது என் பேச்சைக் கேட்காது என்கிறது. 2019 நவம்பர் 12 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தின் பேரமர்வு இதை ஏற்கவில்லை. அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனத்துக்கும் அந்தக் கடமை உண்டு, உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி எந்த நாடும் தப்பிக்க முடியாது. 50 லட்சம் யூரோ அபராதம். அத்துடன், முதல் தீர்ப்பை நிறைவேற்றும்வரை நாளொன்றுக்கு 15,000 யூரோ.

மலை நகர்ந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த வாரம் எங்கள் கம்பெனி உணவறையில் இதுதான் பேச்சு. லாக்ரேயிலிருந்து வரும் ஒரு மூத்த டெக்னீஷியன், ஒவ்வொரு நாளும் காலையில் டீக்கோப்பையோடு உட்கார்ந்ததும், "இன்றைக்கு ஒரு 15,000" என்பார். பிறகு அது எங்கள் மேசையில் வணக்கம் சொல்வதற்குப் பதிலாகவே ஆகிவிட்டது. திங்கட்கிழமைகளில், "சனி ஞாயிறு சேர்த்து 45,000." அவர் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர், டர்ஃப் வெட்டுகிறவர். அவருக்கு இதில் வேறொரு கணக்கு இருந்தது. பாதுகாக்கப்பட்ட பீட் நிலங்களில் டர்ஃப் வெட்டக்கூடாது என்று ஐரோப்பாவின் வாழிடச் சட்டத்தைக் காட்டி அவரைப் போன்றவர்களை நிறுத்தியிருந்தார்கள். "நான் அடுப்புக்கு நாலு கட்டி வெட்டினால் சட்டம் மீறியவன். அவர்கள் மலையையே ஆற்றில் தள்ளினால் பசுமை மின்சாரம்," என்றார். டர்ஃப் விஷயத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஆயிரம் ஆண்டுச் சேமிப்பை ஒரு குளிர்காலத்தில் எரிப்பது எனக்கு ஒப்பவில்லை. 2024 மார்ச்சில் ஆணையம் அந்த டர்ஃப் வெட்டும் விஷயத்துக்காகவே அயர்லாந்தை மறுபடி நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஆனாலும் அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. சின்னவன் மீறினால் நோட்டீஸ், பெரியவன் மீறினால் கடிதப் போக்குவரத்து என்ற கோபம் எந்த ஊருக்கும் புதிதில்லை.

அபராதம் என்ற வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றுச்சூழலுக்காக மட்டுமல்ல, எந்த விஷயத்துக்காகவும் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு நாட்டுக்கு நாள் கணக்கில் அபராதம் போட்டது முதன்முதலாக 2000 ஜூலையில். கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் கூரூபிடோஸ் என்ற பள்ளத்தாக்கில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தார்கள். நாளுக்கு 20,000 யூரோ. இப்போதெல்லாம் எண்கள் பெருத்துவிட்டன. போலந்தின் பியாவோவியேஜா ஆதிக்காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தாவிட்டால் நாளுக்குக் குறைந்தது ஒரு லட்சம் என்று 2017இல் மிரட்டியதும் வெட்டு நின்றது. அதே போலந்து டூரூவ் நிலக்கரிச் சுரங்க விஷயத்தில் நாளுக்கு 5 லட்சம் என்று 2021இல் விதித்தபோது கட்டமாட்டோம் என்றது. ஆணையம் போலந்துக்குத் தர வேண்டிய நிதியில் 6.8 கோடி யூரோவுக்கு மேல் கழித்துக்கொண்டது. பணம் சில நேரம் பேசுகிறது, சில நேரம் வெறுமனே கைமாறுகிறது.

டெர்ரிபிரையனில் அது பேசவும் செய்தது, வீணாகவும் போனது. பதினோரு ஆண்டு முடியாததெல்லாம் ஒன்பது மாதத்தில் முடிந்தது. 2020 ஆகஸ்டில் இ.எஸ்.பி. மாற்று ஒப்புதலுக்கு விண்ணப்பம் போட்டது, அதுவரை பொருந்தாது என்று சொல்லப்பட்ட அதே சந்தின் வழியாக. மீட்டர் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் எனக்கு வயிறெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரவு செலவுக் கணக்கில் சேர்கிறது. ஓவன்டலூலிக்கு ஒரு சல்லி வராது. மீன் செத்த ஆற்றுக்கும் இல்லை, சேறு புகுந்த நிலத்துக்கும் இல்லை. கட்டியதோ வீட்டுவசதியையும் உள்ளாட்சியையும் பார்க்கும் அமைச்சகம், வீடு கிடைக்காமல் இளைஞர்கள் பெற்றோர் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கும் ஒரு நாட்டில். என் சம்பளத்தில் பிடிக்கும் வரியும் அதில் ஒரு துளி. அபராதம் பாதிக்கப்பட்ட இடத்தைச் சீர்செய்யவே செலவாக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தால், லாக்ரேக்காரருக்கும் எங்கள் பழைய வீட்டுக்காரருக்கும் பிரஸ்ஸல்ஸ்மேல் பாதிக் கோபம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2022 பிப்ரவரியில் திட்டமிடல் வாரியமான ஆன் போர்ட் பிளனாலா முடிவைச் சொன்னது: ஒப்புதல் இல்லை. அடுத்த மாதம் இ.எஸ்.பி. காற்றாலையை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. மொத்தம் கட்டிய அபராதம் 1.7 கோடி யூரோவுக்கு மேல்.

எனக்கு இதில் சந்தோஷப்படத் தெரியவில்லை. அந்த முடிவு வந்த அதே மாதக் கடைசியில்தான் உக்ரைன் போர் தொடங்கியது. எரிவாயு விலை எகிறி, என் வீட்டு மின்கட்டணம் கண்ணில் தண்ணீர் வரவழைத்த நேரம். பதினாறு ஆண்டு ஓடிய எழுபது காற்றாடிகள், நல்ல காற்றில், சும்மா நின்றன. அவற்றை நிறுத்தியது சுற்றுச்சூழல் சட்டம் என்று செய்தியில் கேட்பவருக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் படும். காற்றாலை என்றாலே கசப்பவர்கள் அன்று நன்றாகவே கைதட்டினார்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். 1998லோ 2001லோ ஒரு மண் ஆய்வாளர் நீண்ட கம்பியோடு அந்த மலைமேல் ஒரு மாதம் நடந்திருந்தால் போதும். ஆழம் குறைந்த பக்கமாய் முப்பதோ நாற்பதோ காற்றாடிகள் நின்றிருக்கலாம், இன்றும் சுற்றிக்கொண்டிருக்கலாம். இது என் ஊகம்தான். அது சரியா என்று சொல்ல வேண்டிய ஆய்வுதான் அன்று நடக்கவில்லையே.

அன்றைய ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சிக்னல் திரும்பக் கிடைத்தது, மலையிலிருந்து பாதி இறங்கி, லாக் கட்ராவுக்குப் போகும் பாதையில். மலைமேல் ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து போனதைப் பார்த்திருந்தேன். அந்தப் பறவைக்காகவும் ஸ்லீவ் ஆக்ட்டி ஐரோப்பியச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதி. அதை அம்மாவிடம் சொல்லலாமென்று எடுத்தால், அம்மா விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சுத்தாத காத்தாடிய வச்சு என்ன செய்வாவ? கழட்டிர வேண்டியதுதான?"

கழற்றுவதென்றால் பெரிய கிரேன் மேலே ஏற வேண்டும். கிரேன் நிற்கப் பாதை உறுதியாக இருக்க வேண்டும். அடித்தளத்தை உடைத்தால் பீட் மறுபடி அசையுமா, அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். ஆறு அதே இடத்தில்தான் ஓடுகிறது.

"கழட்டணும்னாலும் மொதல்ல ஆய்வு செய்யணும்மா."

"செய்யட்டும்," என்றாள் அம்மா. "இந்த மட்டமாவது செய்வாவளா?"